மருத்துவ மாணவர் கற்கும் மற்றப் பாடம்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாத நடுப்பகுதியில், ஏ லெவல் பரீட்சை முடிவுகள் வெளிவரும் வாரத்தில், ஹரோ, வெம்பிளி, ரூட்டிங், ஈஸ்ட்ஹாம் ஆகிய இடங்களிலுள்ள எம்மவர் வீடுகளில் தொலைபேசி ஓய்வதில்லை. இன்னாரின் மகளுக்கு மருத்துவபீடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி ஒரே மாலைப்பொழுதில் இலண்டனைக் கடந்து ரொறன்ரோவையும் யாழ்ப்பாணத்தையும் சென்றடைந்துவிடும். இரசாயனவியலில் என்ன பெறுபேறு, உயிரியலில் என்ன பெறுபேறு என்பதெல்லாம் உறவினர் அனைவருக்கும் மனப்பாடம். ஆயினும் அந்தப் பிள்ளை அடுத்த ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில் கற்கவிருக்கும் பாடங்களுள் ஒன்றைப் பற்றி மட்டும் பெற்றோர் பெரும்பாலும் கேள்விப்பட்டிருப்பதில்லை. உடற்கூற்றியலில் தவறினால் மீண்டும் எழுதலாம். இந்தப் பாடத்தில் பாரதூரமாகத் தவறினால் படிப்பையே இழக்க நேரிடும்.

மருத்துவ ஒழுக்கவியலும் தொழில்சார் நடத்தையும் என்பதே அப்பாடம். நோயாளியிடம் உண்மையைச் சொல்லுதல், அவருடைய சம்மதத்தைப் பெறுதல், அவருடைய இரகசியத்தைக் காத்தல், தமது தவறையும் சக மருத்துவரின் தவறையும் மறைக்காதிருத்தல், பட்டம் பெற்ற பின்னரும் தொடர்ந்து கற்றல் ஆகியன அதனுள் அடங்கும். இதனை நாம் இங்கு எழுத முற்படுவதற்குக் காரணம் உண்டு. எமது பிள்ளைகள் இப்பாடத்தைக் கற்கிறார்கள். இப்பாடம் கற்பிக்கப்படும் இடங்களோ நாம் நோயாளிகளாகப் படுத்திருக்கும் ரூட்டிங், நியூஹாம், நோர்த்விக் பார்க் வைத்தியசாலைகளின் கட்டில்களின் அருகே உள்ளன. கற்பவரும் எம்மவர், கற்றலுக்கு உதவும் உடம்பும் எம்மவருடையது என்னும்போது, அதில் என்ன சொல்லித் தரப்படுகிறது என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்திருப்பது நன்று.

மாணவர் கேட்டுப் பெற்ற பாடம்

ஹிப்போகிரட்டீசின் சத்தியப்பிரமாணத்தைப் பற்றி எல்லோரும் பேசுவதால், இந்தப் பாடம் மருத்துவக் கல்லூரிகளில் என்றும் இருந்து வந்தது என எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. 1960களின் தொடக்கத்தில் இலண்டனின் போதனா வைத்தியசாலைகளில் ஒழுக்கவியலுக்கென ஒழுங்கான விரிவுரை இருக்கவில்லை. பெரிய வைத்தியர் எவ்வாறு நடந்துகொள்கிறாரோ அதனைப் பின்னால் நின்று பார்த்து மாணவர் பழகிக்கொள்வர் என்பதே எதிர்பார்ப்பு. பெரிய வைத்தியர் நல்லவராக இருந்தால் மாணவருக்கு அதிர்ஷ்டம்.

1963இல் எட்வேர்ட் ஷொட்டர் என்ற அங்கிலிக்கன் மதகுரு, இலண்டன் மருத்துவக் குழு என்ற பெயரில் ஓர் அமைப்பை ஏற்படுத்தினார். எந்த விடயங்களை விவாதிப்பது என்பதை மாணவரே தீர்மானித்தனர். மரணத் தறுவாயிலுள்ள நோயாளிக்கு உண்மையைக் கூறவேண்டுமா, பற்றாக்குறையான சிகிச்சையை எவருக்கு முதலில் வழங்குவது, கருக்கலைப்பு, மனநோயாளியின் சுதந்திரம் போன்றவை கூட்டங்களின் தலைப்புகளாயின. இவற்றுக்குப் பரீட்சை இல்லை, புள்ளிகள் இல்லை. ஆயினும் மாணவர் வந்தனர். மற்ற நகரங்களிலும் இவ்வாறான குழுக்கள் தோன்றின. 1975இல் இந்த முயற்சியிலிருந்தே மருத்துவ ஒழுக்கவியலுக்கான ஆங்கிலச் சஞ்சிகையொன்று வெளிவரத் தொடங்கியது.

அதே காலத்தில் இன்னொருவர் தனியாக நின்று போராடிக்கொண்டிருந்தார். மொறிஸ் பப்வேர்த் என்ற யூத வைத்தியர், இலண்டனில் வெளிநாட்டு இளம் வைத்தியர்கள் பலருக்கு உயர் பரீட்சைகளுக்குப் பயிற்சியளித்தவர். போதனா வைத்தியசாலைகளில் நோயாளிகளுக்குத் தெரியாமலே அவர்கள்மீது பரிசோதனைகள் நடத்தப்படுகின்றன என்ற முறைப்பாட்டைத் தம்மிடம் கற்ற இளம் வைத்தியர்களின் வாயிலாகவே அவர் அறிந்தார். பரிசோதனை செய்தோரின் பெயர்களையும் மறைக்காமல் 1967இல் ஒரு நூலை வெளியிட்டார். மருத்துவ உலகம் அவரை மன்னிக்கவில்லை. 1936இல் உறுப்பினர் தகுதி பெற்ற அவருக்கு, மருத்துவர்களின் றோயல் கல்லூரி அதன் உயர் அங்கத்துவத்தை 1993இலேயே வழங்கியது. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

1987இல் சேர் டெஸ்மண்ட் பொண்ட் தலைமையிலான குழுவொன்று, ஒழுக்கவியல் போதனை மருத்துவக் கல்வி முழுவதிலும் இடம்பெறவேண்டும், அது உண்மையான நோயாளிகளின் பிரச்சினைகளிலிருந்து தொடங்கவேண்டும் என்று அறிக்கை சமர்ப்பித்தது. வைத்தியர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவ மன்றம் 1993இல் வெளியிட்ட ‘நாளைய வைத்தியர்கள்’ என்ற வழிகாட்டலில் இப்பாடத்தைக் கட்டாயமாக்கியது. 1998இல் பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகளின் ஒழுக்கவியல் ஆசிரியர்கள் ஒன்றுகூடி, எவற்றையெல்லாம் கற்பிக்கவேண்டும் என்பதில் உடன்பட்டு ஒரு பொதுப் பட்டியலை வெளியிட்டனர். மாணவரின் மாலைநேர விவாதம் பட்டப்படிப்பின் கட்டாய அங்கமாக மாறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

ரூட்டிங்கில் ஒரு கணனி

ஒழுக்கம் கற்பிக்கும் கல்லூரியே ஒழுக்கம் தவறிய கதையொன்றும் உண்டு. அது எம்மவர் நெருக்கமாக வாழும் ரூட்டிங்கில், சென் ஜோர்ஜஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. இளைய தலைமுறையினர் இதனை அறிந்திருக்கவேண்டும்.

அக்காலத்தில் அக்கல்லூரிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 2500 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படாமலே நிராகரிக்கப்படும். இந்த முதற்கட்டத் தெரிவைச் செய்வது பெரும் சுமையாக இருந்தமையால், கல்லூரியைச் சேர்ந்த ஜெவ்ரி பிராங்லன் ஒரு கணனி நிரலை எழுதினார். 1979இல் அது பூர்த்தியானது. 1982 முதல் முதற்கட்டத் தெரிவு முழுவதையும் கணனியே செய்தது. தெரிவுக்குழுவினர் முன்னர் எவ்வாறு புள்ளியிட்டனரோ அவ்வாறே கணனியும் புள்ளியிட வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கம் மிகச் சிறப்பாக நிறைவேறியது. பழைய தெரிவுக்குழு மனத்தளவில் வைத்திருந்த பாரபட்சத்தைக் கணனி எண்களாக எழுதிக் காட்டிவிட்டது. ஐரோப்பியப் பெயரல்லாத பெயரைக் கொண்டவருக்கும், பெண்ணுக்கும் புள்ளிகள் குறைக்கப்பட்டன. விண்ணப்பதாரி இங்கு பிறந்தவரா, எவ்வளவு திறமைசாலி என்பதற்கு முன்னதாக அவருடைய பெயரே அவருக்கு எதிராக எண்ணப்பட்டது. சிவலிங்கம், பாலசுப்பிரமணியம் போன்ற பெயர்கள் அந்தக் கணனியில் எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கும் என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

இதனை வெளிக்கொணர்ந்தவர்கள் அதே கல்லூரியில் பணியாற்றிய இரு வைத்தியர்கள். மருந்தியல் துறையைச் சேர்ந்த ஜோ கொலியர், மனநல வைத்தியர் அக்ரி பேர்க் ஆகிய இருவரும் 1986இல் இலண்டன் மருத்துவக் கல்லூரிகளில் நிலவும் இன, பால் பாகுபாடு பற்றிய ஆய்வை வெளியிட்டனர். விடயம் இனச் சமத்துவ ஆணைக்குழுவிடம் சென்றது. 1988இல் ஆணைக்குழு கல்லூரியைக் குற்றவாளியாகக் கண்டது. ஆண்டொன்றுக்கு 60 பேர் வரை தமது இனத்தின் அல்லது பாலின் காரணமாக நேர்முகப் பரீட்சை வாய்ப்பை இழந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. இதிலொரு விந்தை என்னவெனில், இலண்டனின் ஏனைய மருத்துவக் கல்லூரிகள் பலவற்றைவிடச் சென் ஜோர்ஜசில் ஐரோப்பியரல்லாத மாணவரின் விகிதம் அப்போது கூடுதலாகவே இருந்தது. கணனி இல்லாத கல்லூரிகளில் மனிதர் கையால் என்ன செய்திருப்பர் என்பது எழுத்தில் பதியப்படாமற் போயிற்று.

சொந்த நிறுவனத்தின் குறையைச் சொல்வதற்கு ஓர் ஊழியர் கொடுக்கும் விலை சிறிதன்று. 2001இல் வெளியான பிறிஸ்ரல் குழந்தைகள் இருதய சத்திரசிகிச்சை விசாரணை அறிக்கையும், 2013இல் வெளியான மிட் ஸ்ரபோர்ட்ஷயர் வைத்தியசாலை அறிக்கையும், கண்டவர் பேசாதிருந்ததாலும் பேசியவரைக் கேளாதிருந்ததாலும் நோயாளிகள் எவ்வாறு மாண்டனர் என்பதை விரிவாகக் காட்டின. இன்று முதலாம் ஆண்டு மாணவருக்கே, தாம் காணும் ஆபத்தை யாரிடம், எவ்வாறு அறிவிப்பது என்பது கற்பிக்கப்படுகிறது. ஆசிரியருக்கு முன் வாய் திறவாமையே நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று வளர்க்கப்பட்ட எமது பிள்ளைகளுக்கு இது எளிதில் வருவதில்லை. இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும், பெரியவர் ஒருவர் சத்திரசிகிச்சைக்கூடத்தில் இடக்காலுக்குப் பதிலாக வலக்காலைத் தயார் செய்யும்போது, கடைசி வரிசையில் நிற்கும் மாணவி “ஐயா, பொறுங்கள்” என்று சொல்லத்தான் வேண்டும்.

சம்மதம் என்பது கையொப்பமன்று

சம்மதம் பற்றிய போதனையில் இரண்டு வழக்குகள் எப்போதும் பேசப்படும். முதலாவது இலண்டனில் எழுந்தது. சிடவே என்ற பெண்மணி 1974இல் பெத்லெம் றோயல், மோட்ஸ்லி வைத்தியசாலைகளின் நிபுணர் ஒருவரிடம் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு பாரிசமான ஊனத்துக்கு ஆளானார். அவ்வாறு நேரக்கூடிய சிறிய அபாயம் தமக்கு முன்கூட்டியே சொல்லப்படவில்லை என்பது அவருடைய முறைப்பாடு. 1985இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எவ்வளவு சொல்லவேண்டும் என்பதைப் பெருமளவில் மருத்துவ உலகின் வழக்கமே தீர்மானிக்கும் என்ற நிலை அதன்பின் முப்பது ஆண்டுகள் நீடித்தது.

இரண்டாவது வழக்கு ஸ்கொட்லாந்தைச் சேர்ந்தது. நடீன் மொன்ற்கொமறி நீரிழிவு நோயுள்ளவர், உருவத்தில் சிறியவர். நீரிழிவுள்ள தாயின் குழந்தை பெருத்து, பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் நூற்றுக்கு 9 முதல் 10 வரை உண்டு. அது அவருக்குச் சொல்லப்படவில்லை. 1999இல் பிறந்த மகன் கடுமையான பாதிப்புக்குள்ளானான். 2015 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் தாய்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்த நோயாளியின் இடத்திலுள்ள ஒருவர் எதனை முக்கியமாகக் கருதுவாரோ அதனை வைத்தியர் சொல்லியே ஆகவேண்டும் என்பது இன்றைய சட்டம். நீரிழிவு எம்மவர் வீடுகளில் எவ்வளவு பரவியுள்ளது என்பதை நினைத்தால், இந்தத் தீர்ப்பு எமக்கு எவ்வளவு அண்மையிலுள்ளது என்பது புலப்படும்.

ஆங்கிலத்தில் நீட்டப்படும் படிவத்தில் “எங்கே கையெழுத்து வைக்கவேண்டும்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையொப்பமிடும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. மாணவருக்கோ, நோயாளி புரிந்துகொள்ளாமல் இட்ட கையொப்பம் சம்மதமாகாது என்று கற்பிக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என நோயாளி கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

மாணவர்கள் நோயாளியைப் பரிசோதிப்பதற்கும் இதே விதிதான். 2003இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த ஆய்வொன்று, இங்கிலாந்து மருத்துவக் கல்லூரியொன்றில், மயக்க நிலையிலிருந்த நோயாளிகளின் அந்தரங்க உறுப்புகளை மாணவர் பரிசோதித்த சந்தர்ப்பங்களில் கணிசமானவற்றில் முறையான சம்மதம் பெறப்படவில்லை என்று வெளிப்படுத்தியது. அதனைத் தெரிவித்தவர்கள் மாணவரே. ஆகவே மாணவர் அருகிலிருப்பதையோ பரிசோதிப்பதையோ மறுப்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு, மறுப்பதனால் சிகிச்சையில் எந்தக் குறைவும் ஏற்படக்கூடாது. அனுமதிப்பவர்கள் பெரும் உதவி செய்கிறார்கள் என்பதும் உண்மையே. சித்திரவதையில் தழும்பேறிய முதுகையோ, யாரும் அறியாத காயத்தையோ இளம் பிள்ளைகளுக்கு முன் திறக்க விரும்பாத ஒருவர் அதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

வீட்டுக்குள் வரும் பாடம்

இந்தப் போதனை எமது குடும்ப வழக்கங்களோடு நேரே மோதும் இடங்கள் இரண்டு.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதை அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று பிள்ளைகள் வைத்தியரிடம் மன்றாடுவது முதலாவது. இதன் பின்னால் இருப்பது அன்பு என்பதில் ஐயமில்லை. போரில் கணவனையோ பிள்ளையையோ இழந்து வந்த ஒரு தாய் இன்னோர் அதிர்ச்சியைத் தாங்கமாட்டார் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் மாணவருக்குக் கற்பிக்கப்படுவது, நோய் யாருடையதோ செய்தியும் அவருடையது என்பதாகும். தமக்கு எதுவும் சொல்லவேண்டாம், மகனிடம் சொல்லுங்கள் என்று அம்மாவே கூறினால் வைத்தியர் அதற்கு மதிப்பளிப்பார். அந்தத் தெரிவை அம்மாவிடம் கேளாமல் மகன் செய்ய இயலாது. எமது கருத்தும் இதுவே. பதுங்கு குழியில் குடும்பத்தைக் காத்த பெண்களிடம் அவர்களுடைய உடம்பைப் பற்றிய உண்மையை மறைப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். பல வேளைகளில் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தும் இருக்கும். பிள்ளைகளின் மனம் நோகக்கூடாதென்று அவர்கள் தெரியாதவர்போல் இருப்பார்கள்.

இதனோடு சேர்ந்ததே மொழிபெயர்ப்புப் பிரச்சினை. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுத் தாயாரின் மாதவிடாய்ப் பிரச்சினையையோ தந்தையாரின் தற்கொலை எண்ணத்தையோ குடும்ப வைத்தியருக்கு மொழிபெயர்க்கும் நிலை எமது சமூகத்தில் நெடுங்காலம் இருந்தது, இன்னும் அற்றுப்போகவில்லை. அந்தப் பிள்ளை சில சொற்களை விழுங்கிவிடும். தாயும் பிள்ளைக்கு முன் சிலவற்றைச் சொல்லாமல் விடுவார். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தலாகாது என்பது இன்றைய மாணவருக்குச் சொல்லித் தரப்படும் விதி. நடிகர் ஒருவர் நோயாளியாக அமர்ந்திருக்க, மொழிபெயர்ப்பாளரை நோக்காமல் நோயாளியின் முகத்தை நோக்கிப் பேசும் பயிற்சியும் பரீட்சையும் உண்டு.

இரண்டாவது மோதல் இரகசியம் பற்றியது. வீட்டில் மருத்துவ மாணவர் ஒருவர் இருந்தால் அவர் குடும்பத்தின் சொத்து என்ற எண்ணம் எம்மிடம் உண்டு. மாமாவின் இரத்தப் பரிசோதனை முடிவைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன் என்பார்கள். அதைவிட ஆபத்தானது, கலியாணப் பேச்சுக் காலங்களில் எழும் வேண்டுகோள். பேசிவந்த மாப்பிள்ளை ஒருமுறை மனநலப் பிரிவுக்குப் போனவராம், உண்மையா என்று கணனியில் தட்டிப் பார்க்கும்படி கேட்பார்கள். வைத்தியசாலைக் கணனியில் யார், எப்போது, எந்தக் கோவையைத் திறந்தார் என்பது பதிவாகும். சிகிச்சைக்குத் தொடர்பில்லாத ஒருவர் திறந்தால் அது 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகவும் அமையலாம். மாணவராயின், மருத்துவத்துக்கு உகந்தவரா என்று விசாரிக்கும் கல்லூரிக் குழுவின் முன் நிற்கவேண்டி வரும். ஐந்து வருட உழைப்பை ஒரு கலியாண விசாரணைக்காகப் பணயம் வைக்கும்படி பிள்ளையிடம் கேட்காதிருப்போமாக. தரகர் எதற்காக இருக்கிறார்?

இரகசியம் எமக்கு எதிரான ஏற்பாடன்று என்பதற்கு அண்மைக்கால உதாரணமொன்று உண்டு. குடும்ப வைத்தியரிடம் பதிந்தால் அவர் உள்நாட்டு அமைச்சுக்குச் சொல்லிவிடுவார் என்ற அச்சத்தால் அகதிகள் பலர் நோயை மறைத்து வாழ்ந்தனர். அந்த அச்சம் முற்றிலும் கற்பனையாக இருக்கவில்லை. தேசிய சுகாதார சேவையின் தரவு நிறுவனம், குடிவரவுத் தேடலுக்காக நோயாளிகளின் முகவரி போன்ற விபரங்களை உள்நாட்டு அமைச்சுக்கு வழங்கும் உடன்படிக்கையொன்று 2017இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. வைத்தியர்களும் பாராளுமன்றச் சுகாதாரக் குழுவும் கடுமையாக எதிர்த்தனர். நோயாளி நம்பிக் கொடுத்த முகவரி, அவரைப் பிடிப்பதற்குப் பயன்படலாகாது என்பதே அவர்களுடைய வாதம். 2018 மே மாதத்தில் அரசாங்கம் பின்வாங்கியது, அவ்வாண்டு முடிவதற்குள் அந்த உடன்படிக்கை கைவிடப்பட்டது. வைத்தியர்கள் அன்று எழுப்பிய குரலின் அடிப்படை, மாணவப் பருவத்தில் அவர்கள் கற்ற அந்த ஒரு விதிதான்.

சாட்சியாக நிற்கும் வைத்தியர்

வைத்தியரின் நேர்மைக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்களை எமது மண் அறியும். 1987 ஒக்ரோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளன்று, இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்தபோது, நோயாளிகளும் ஊழியர்களுமாகச் சுமார் 70 பேர் இரண்டு நாட்களில் கொல்லப்பட்டனர். வெளியேறியிருக்கக்கூடிய வைத்தியர்கள் நோயாளிகளை விட்டு அகலவில்லை. கொல்லப்பட்டோருள் ஒருவர் குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம். 2009இல் வன்னியில் இறுதிவரை காயமடைந்தோருக்குச் சிகிச்சையளித்த அரசாங்க வைத்தியர்கள் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டு, அவ்வாண்டு யூலையில் கொழும்பில் பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டனர். முன்னர் தாம் வெளியிட்ட இழப்பு விபரங்கள் மிகைப்படுத்தப்பட்டவை என அங்கு அவர்கள் கூறினர். அவர்களுள் ஒருவரான வரதராஜா, பின்னர் வெளிநாட்டிலிருந்து, அந்தக் கூற்று நிர்ப்பந்தத்தின் கீழ்ச் சொல்லப்பட்டது எனப் பகிரங்கமாக அறிவித்தார். எண்ணிக்கை சொல்லும் வைத்தியர் ஏன் அதிகாரத்துக்கு ஆபத்தானவராகிறார் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

இலண்டனில் இந்தச் சாட்சியப் பணி வேறு வடிவில் நடைபெறுகிறது. 1985இல் ஹெலன் பம்பர் என்ற பெண்மணி, சித்திரவதைக்குள்ளானோரைப் பராமரிக்கும் மருத்துவ நிறுவனத்தை இங்கு தொடக்கினார். 2011 முதல் ‘சித்திரவதையிலிருந்து விடுதலை’ என்ற பொருளுடைய பெயரில் அது இயங்குகிறது. அங்குள்ள வைத்தியர்கள் அகதிக் கோரிக்கைகளுக்காக எழுதும் அறிக்கைகளில் தமிழரின் உடம்புகள் நெடுங்காலமாக இடம்பிடித்து வந்துள்ளன. அறிக்கை எழுதும் முறையை ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட ‘இஸ்தான்புல் நெறிமுறை’ வகுத்துள்ளது. 1999இல் உருவாகி, 2022இல் மீண்டும் திருத்தப்பட்ட ஆவணம் அது. ஒரு தழும்பு, சொல்லப்பட்ட காரணத்தோடு பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அக்காரணத்துக்கே உரிய தோற்றமுடையது, வேறெவ்வாறும் ஏற்பட்டிருக்க இயலாது என ஐந்து படிகளில் வைத்தியர் தமது கருத்தைக் கூறவேண்டும்.

எம்மவருள் சிலர் வைத்தியரிடம் “கொஞ்சம் பலமாக எழுதித் தாருங்கள்” என்று கேட்பதுண்டு. அவர்களுடைய பதற்றம் விளங்கிக்கொள்ளத்தக்கது. நாடு கடத்தப்பட்டால் என்ன நேரும் என்பதை அவர்கள் அறிவர். ஆனால் ‘பொருந்துகிறது’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘வேறெவ்வாறும் இயலாது’ என்று எழுதும் வைத்தியரின் அடுத்த அறிக்கையை எந்த நீதிபதியும் நம்பப்போவதில்லை. அந்த அடுத்த அறிக்கை இன்னோர் அகதியினுடையது.

இதன் பெறுமதி 2019 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. நீதிமன்ற ஆவணங்களில் இரண்டு எழுத்துக்களால் மட்டும் குறிப்பிடப்படும் ஈழத்தமிழர் ஒருவர், படையினர் பழுக்கக் காய்ச்சிய உலோகக் கம்பியால் சுட்டதாகக் கூறினார். முதுகிலும் கையிலும் தழும்புகள் இருந்தன. மருத்துவ அறிக்கை அவருடைய கூற்றுக்கு ஆதரவாக இருந்தது. ஆயினும் மேல் நியாயசபை, அகதி அந்தஸ்துப் பெறுவதற்காக அவரே இன்னொருவரைக் கொண்டு தமது உடம்பில் சூடு வைத்துக்கொண்டார் என்ற முடிவுக்கு வந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மை முடிவால் அதனை மாற்ற மறுத்தது. தழும்பு எதனால் ஏற்பட்டது என்று கூறுவதோடு வைத்தியர் நிறுத்திக்கொள்ளவேண்டும், எந்தச் சூழ்நிலையில் ஏற்பட்டது என்ற கூற்றைப் பற்றி அவர் பேசலாகாது என்ற தொனியும் அங்கு எழுந்தது. உச்ச நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. தழும்பு ஏற்பட்டதாகச் சொல்லப்படும் சூழ்நிலையோடும் அது பொருந்துகிறதா என்பதைக் கூறுவது வைத்தியரின் பணியே என்று தீர்ப்பளித்தது. அகதிகள் இவ்வாறு தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதற்கான சான்றுகள் ஏறத்தாழ இல்லையென்பதையும் சுட்டிக்காட்டி, வழக்கை மீள விசாரிக்கும்படி திருப்பியனுப்பியது.

ஒரு வைத்தியர் அளந்து எழுதிய சொற்கள், மூன்று நீதிமன்றங்களின் ஆய்வுக்குப் பின்னரும் நின்றன. மாணவருக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் வேண்டுமா என்று நாம் கேட்க விரும்புகிறோம். மருத்துவம் படிக்கும் எமது பிள்ளைகள் இந்தத் தீர்ப்பை ஒருமுறையேனும் வாசித்தல் நன்று. அதிலுள்ள ஒரு சித்தப்பாவையோ அண்ணனையோ அவர்கள் தமது வீட்டிலேயே அறிந்திருக்கவும் கூடும்.

பட்டத்துக்குப் பின்

பட்டமளிப்பு விழாவோடு இப்பாடம் முடிவதில்லை. தாம் செய்ததையும் செய்யத் தவறியதையும் எழுதிவைக்கும் குறிப்பேடு மாணவப் பருவத்தில் தொடங்கி, பயிற்சி வைத்தியராக இருக்கும் காலத்திலும் தொடரும். பல நோயாளிகளைக் கொன்ற குடும்ப வைத்தியர் ஷிப்மனைப் பற்றிய நீண்ட விசாரணையின் பின்னர், ஒருமுறை பதிந்தவர் ஓய்வுபெறும்வரை வைத்தியரே என்ற நிலை மாறியது. 2012 டிசம்பர் முதல் ஒவ்வொரு வைத்தியரும் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தமது தகுதியை மீள நிரூபிக்கவேண்டும்.

தாயகத்திலும் பிற நாடுகளிலும் பட்டம் பெற்று அகதிகளாக வந்த வைத்தியர்கள், இங்கு பதிவு பெறுவதற்கான பிளாப் பரீட்சையில் இப்பாடத்தையும் எதிர்கொள்கிறார்கள். வைத்தியர் சொன்னால் நோயாளி தலையசைப்பார் என்ற மரபில் பழகியவர்களுக்கு, நோயாளியின் கருத்தைக் கேட்டு, அவர் மறுத்தால் அதனையும் மதித்துப் பேசும் அந்தப் பகுதியே கூடுதலான பயிற்சியை வேண்டுவது. நோய் பற்றிய அறிவு அவர்களிடம் ஏற்கெனவே உண்டு.

வைத்தியரின் மீள்மதிப்பீட்டுக்கு நோயாளிகளின் கருத்துகளும் தேவை. குடும்ப வைத்தியரின் வரவேற்பு மேசையில் அதற்கான வினாப்படிவம் சில வேளைகளில் நீட்டப்படும். வைத்தியர் நீங்கள் சொன்னதைக் கேட்டாரா, விளங்கும்படி சொன்னாரா, தீர்மானத்தில் உங்களைச் சேர்த்துக்கொண்டாரா என்பன போன்ற கேள்விகள் அதில் இருக்கும். எம்மவருள் பலர் ஆங்கிலம் தெரியாதென்று அதனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் வைத்தியருக்குத் தீங்கு வந்துவிடும் என்று எல்லாவற்றுக்கும் நல்லது என அடையாளமிடுகிறார்கள். படிவத்தில் பெயர் எழுதவேண்டியதில்லை. வீட்டிலுள்ள மருத்துவ மாணவர் இதனை மொழிபெயர்த்துத் தருவதில் எந்தத் தடையும் இல்லை. மாமாவின் இரத்தப் பரிசோதனைக்குப் பதிலாக இந்த உதவியை அவர்களிடம் கேட்கலாம்.